சுழி பார்க்கும் கண்: ஹூப் ட்ரீம்ஸ் படத்தை மறுபடி பார்த்தபோது

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதில் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அமெரிக்காவில் இதே நம்பிக்கையை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. பதினான்கு வயதுப் பையன் தெருமுனைத் திடலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, நாலு வருஷத்துக்கு எந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஆட வேண்டும், அதற்கப்புறம் எந்தக் கல்லூரி இவனைக் கொத்திக்கொண்டு போகும் என்று கணித்துச் சொல்கிற தொழில். அதைச் செய்கிறவருக்கு ஸ்கவுட் என்று பெயர். காக்கி டவுசரும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாக வரும் சாரணர் இல்லை, ஆட்டக்காரர்களைத் தேடி அலைகிறவர்.

இந்தத் தொழிலைப் பற்றி நான் பார்த்ததிலேயே சிறந்த ஆவணம் ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி 1994இல் வந்த 'ஹூப் ட்ரீம்ஸ்'. கிட்டத்தட்ட மூணு மணி நேரப் படம். முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கியது, அவ்வளவுதான். போன வாரம் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். இந்த முறை பையன்களை விட்டுவிட்டு அவர்களைப் பார்க்கிறவர்களைப் பார்க்கலாம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் தடவை கோட்டைவிட்டது நிறைய இருக்கிறது. படத்தைப் பற்றி எல்லாரும் சொல்கிற ஒரு விஷயத்தோடு எனக்கு இப்போது உடன்பாடும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சிகாகோவின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளைச் சேர்ந்த இரண்டு பையன்கள். ஆர்தர் ஏஜி, வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதி. வில்லியம் கேட்ஸ், கேப்ரினி கிரீன் என்ற அரசுக் குடியிருப்பு. இருவரும் 1987இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதிலிருந்து 1991இல் முடித்து வெளியேறுவது வரை கேமரா கூடவே போகிறது. ஸ்டீவ் ஜேம்ஸும் ஃப்ரெடரிக் மார்க்ஸும் பீட்டர் கில்பர்ட்டும் சேர்ந்து பொதுத் தொலைக்காட்சிக்கு அரை மணி நேரக் குறும்படமாகத்தான் இதை ஆரம்பித்தார்கள். கடைசியில் கையில் 250 மணி நேரப் பதிவு. அரை மணி நேரம் போதும் என்று நினைத்தவர்கள் ஐந்து வருஷம் விட முடியாமல் சுற்றினார்கள் என்றால், எதைத் தேடிப் போனார்களோ அது நடுவழியில் வேறொன்றாக மாறிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு பையன்களுமே கார்டு. கூடைப்பந்தில் அதிகம் பழக்கமில்லாதவர்களுக்காக: உயரமானவர்கள் கூடைக்குக் கிட்டே நிற்பார்கள், குள்ளமானவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வார்கள், தூரத்திலிருந்து எறிவார்கள். அவர்கள்தான் கார்டு. ஸ்கவுட்டின் வேலை இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. ஆறே முக்கால் அடிப் பையனைக் கண்டுபிடிக்க ஸ்கவுட் எதற்கு, வாசற்படியில் தலை இடிக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஆனால் கார்டிடம் பார்க்க வேண்டியது தீர்மானம். எதிராளி நெருங்கும்போது நிமிர்ந்து பார்க்கிறானா, குனிந்து பந்தைப் பார்க்கிறானா? கையை விட்டுப் பந்து போன பிறகு அடுத்த நொடி என்ன செய்கிறான்? இதெல்லாம் பதினான்கு வயதில் பாதிதான் முளைத்திருக்கும். மீதி அவனுக்குக் கிடைக்கும் கோச்சைப் பொறுத்தது, சாப்பாட்டைப் பொறுத்தது, வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதை எந்த ஸ்கவுட்டின் தாளிலும் எழுத இடமில்லை. அதனால் கண்ணுக்குத் தெரிவதை எழுதுகிறார்கள்: வேகம், குதிப்பு, கை நீளம், தோளின் அகலம். மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது மாதிரி.

படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறார் ஏர்ல் ஸ்மித். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் ஆள் தேடுவது. திடலில் ஆடும் ஆர்தரைப் பார்க்கிறார், பார்த்த சில நிமிஷங்களிலேயே பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார், வீட்டில் பேசி, புறநகரில் இருந்த செயின்ட் ஜோசஃப் என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். அங்கே கோச் ஜீன் பிங்கடோர். அந்தப் பள்ளியின் பெருமை ஐசேயா தாமஸ். அவரும் சிகாகோவின் மேற்குப் பகுதியிலிருந்து தினமும் அந்தப் புறநகருக்குப் போய்ப் படித்தவர். இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு 1981இல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1989லும் 1990லும், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியோடு என்பிஏ கோப்பையைத் தூக்கியவர். ஆறடிக்கு ஒரு அங்குலம் கூட. பள்ளியின் முகாமுக்கு அவர் வரும்போது ஆர்தரோடு ஒண்டிக்கு ஒண்டி ஆடிக் காட்டுகிறார். பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆக, பிங்கடோர் தேடிக்கொண்டிருந்தது அடுத்த ஐசேயாவை. நல்ல ஆட்டக்காரனைத் தேடுவது வேறு, ஏற்கெனவே கிடைத்த ஒருவனின் நகலைத் தேடுவது வேறு. அந்த அளவுகோலில் வில்லியம் சட்டென்று பொருந்தினான். உடம்பு தயாராக இருந்தது, தயக்கமில்லாமல் உள்ளே பாய்ந்தான். முதல் வருஷமே மூத்த மாணவர்களின் அணியில் இடம். ஆர்தர் ஒல்லி, சின்னவன், நேரம் பிடிக்கும் ரகம். முதலாம் ஆண்டு அணிக்குப் போனான். இருவருக்கும் கட்டணத்தில் ஒரு பகுதிதான் தள்ளுபடி. மீதியில்தான் வந்தது வினை. வில்லியமின் மீதிக்கு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சிய நிறுவனத்தின் தலைவராக இருந்த பாட்ரிசியா வியர் பொறுப்பேற்றுக்கொண்டார். ஆர்தரின் மீதிக்கு யாரும் வரவில்லை. கட்டணம் ஏறியது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை போனது, பாக்கி நின்றது. இரண்டாம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்களில் பையன் வெளியே. வீட்டுக்கு அருகில் இருந்த மார்ஷல் என்ற அரசுப் பள்ளியில் சேர்ந்தான். அதோடு முடியவில்லை. பாக்கி தீரும்வரை பழைய பள்ளி மதிப்பெண் பதிவுகளைக் கொடுக்காததால், பின்னாளில் பள்ளிப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் அதுவும் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

காசு இல்லாததால்தான் போனான், ஆட்டம் போதாததால் இல்லை என்பது பள்ளியின் கட்சி. மார்ஷல் பள்ளியின் கோச் லூதர் பெட்ஃபோர்ட் அதை நம்பவில்லை: பையன் அவர்கள் எதிர்பார்த்தபடி ஆடியிருந்தால் பணத்துக்கு வழி பண்ணியிருப்பார்கள் என்கிற மாதிரி ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார். படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. நான் பெட்ஃபோர்ட் பக்கம். வில்லியமுக்குக் கிடைத்த வியர் அம்மையார் ஆர்தருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பள்ளியிடம் பதிலே இல்லை.

ஏர்ல் ஸ்மித்தின் கணிப்பில் ஒரு தப்பும் இல்லை. திடலில் நின்று ஆர்தரைப் பார்த்து அவர் சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் பலித்தது வேறு பள்ளியில், அவர் கூட்டிப்போன இடம் அவனை வெளியே தள்ளிய பிறகு. ஸ்கவுட்டுகளைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் குறை, அவர்கள் திறமையைத் தவறவிடுகிறார்கள் என்பது. இங்கே திறமை சரியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதுதான் யாருடைய கணக்கிலும் இல்லை.

வில்லியமின் கதை இதைவிடக் குரூரம் என்று இரண்டாம் தடவை பார்க்கையில் தோன்றியது. மூன்றாம் ஆண்டில் முழங்கால் போகிறது. அறுவை சிகிச்சை, மறுபடியும் வலி, மறுபடியும் டாக்டர். அதற்குள் கல்லூரிகளிலிருந்து கடிதம் கடிதமாக வந்து குவிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மூன்றாம் ஆண்டுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற வருஷம். பையன் ஓடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடிதங்கள் வேறு வீட்டுக்குப் போய்விடும். அவசர அவசரமாகத் திரும்பி வருகிறான். முக்கியமான ஆட்டம் ஒன்றில், கடைசி நொடிகளில், ஃப்ரீ த்ரோ தவறுகிறது. தோல்வி. அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே பாய வேண்டிய இடத்தில் அரை நொடி யோசிக்கிறான். கார்டுக்கு அந்த அரை நொடிதான் எல்லாம். முழங்கால் ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். அந்த அரை நொடிக்கு எந்த எக்ஸ்ரேயும் கிடையாது.

அவன் அண்ணன் கர்ட்டிஸ் கூடவே நிற்கிறார். அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி நம்பிக்கை நட்சத்திரமாக இருந்தவர்தான். கல்லூரிவரை போய், கோச்சோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவர். இப்போது தம்பி மூலமாக ஆடிக்கொண்டிருக்கிறார். தம்பியின் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் முகத்தைத் தனியாகக் காட்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் வில்லியமே சலித்துச் சொல்கிறான்: எல்லாருக்கும் என் மூலமாக ஒரு கனவு வேண்டியிருக்கிறது என்கிற பொருளில். பதினேழு வயதுப் பையன். நான் அந்த வயதில் டியூஷனுக்கு மட்டம் போடுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நைக் முகாம் பகுதிக்கு வருவோம். படத்தின் நடுப்பகுதியில், நாட்டின் தலைசிறந்த உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் நூறு பேருக்கு மேல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கூடுகிறார்கள். வில்லியமும் அதில் ஒருவன். மைதானத்தில் பையன்கள், மாடத்தில் கல்லூரி கோச்சுகள். ஐசேயா தாமஸைச் செதுக்கிய பாபி நைட் உட்பட, அவரவர் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் தாள். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. இயக்குநர் ஸ்பைக் லீ வந்து பையன்களிடம் பேசுகிறார்: நீங்கள் இங்கே இருப்பதற்கு ஒரே காரணம் நீங்கள் அவர்கள் அணியை ஜெயிக்கவைப்பீர்கள், அணி ஜெயித்தால் கல்லூரிக்குக் காசு வரும். அவ்வளவுதான், வேறு ஒரு மண்ணும் இல்லை என்கிற தொனி. பையன்கள் தலையாட்டுகிறார்கள். தலையாட்டிவிட்டு மறுபடி கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். வேறு என்ன செய்வது? ஸ்கவுட்டிங்கையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் பாப் கிப்பன்ஸ், இது ஏற்கெனவே இறைச்சிச் சந்தையாகிவிட்டது என்று கேமராவைப் பார்த்தே ஒப்புக்கொள்கிறார். நல்ல இறைச்சியாகக் கொடுப்பது தன் வேலையாம். நேர்மையைப் பாராட்டுவதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா தெரியவில்லை.

அடுத்து வருகிறது வீட்டுக்கு வரும் படலம். இதைப் பார்க்கிற எந்தத் தமிழருக்கும் பெண் பார்க்கும் படலம் ஞாபகம் வராமல் போகாது. விஸ்கான்சினில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தின் கோச் கெவின் ஓநீல், கேப்ரினி கிரீனின் அந்தச் சின்ன வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா எம்மா கேட்ஸ் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். எல்லாரும் அளவாகச் சிரிக்கிறார்கள். ஒரே வித்தியாசம், இங்கே மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர் மாற்றி மாற்றி வருவார்கள். எல்லாரும் உங்கள் பிள்ளை எங்கள் வீட்டில் ராஜா மாதிரி இருப்பான் என்பார்கள். ஓநீலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் விஷயம் அவருக்குத் தெரியும். தெரிந்தே, நீ ஆட முடியாமல் போனாலும் நாலு வருஷப் படிப்புச் செலவு எங்களுடையது என்கிறார்கள் மார்க்வெட்காரர்கள். வில்லியம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறான். வேறு கல்லூரிகளைப் பார்க்காமல் சீக்கிரமே கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கலாம். எனக்கு அது அந்தப் படத்தில் யாரும் எடுத்ததிலேயே புத்திசாலித்தனமான முடிவாகப் பட்டது. எல்லாரும் அவனை ஸ்கவுட் செய்துகொண்டிருந்தபோது அவன் கல்லூரியை ஸ்கவுட் செய்திருக்கிறான். தன் முழங்காலை நம்ப முடியாது என்பதை மற்ற யாரையும்விட முன்னால் தெரிந்துகொண்டவன் அவன்தான்.

கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. முதல் வருஷமே ஆடத் தகுதி வேண்டுமென்றால் ஏசிடி என்ற நுழைவுத் தேர்வில் 18 வாங்க வேண்டும். இரண்டு பையன்களுமே பல வகுப்புகள் பின்தங்கிய வாசிப்போடு பள்ளிக்கு வந்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப எழுதி, வில்லியம் ஒருவழியாக 17.5 வாங்குகிறான். அதை 18 ஆக முழுமைப்படுத்துகிறார்கள். நாலு வருஷம், ஒரு ஸ்கவுட் படை, ஒரு அறுவை சிகிச்சை, இவ்வளவுக்கும் பிறகு எல்லாம் ஒரு அரைப் புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஆர்தர் வளர்ந்துவிட்டான். உயரத்திலும்தான், ஆட்டத்திலும்தான். கடைசி ஆண்டில் மார்ஷல் பள்ளி யாரும் எதிர்பாராமல் சிகாகோ அரசுப் பள்ளிகளின் பட்டத்தை வெல்கிறது. 1991 மார்ச்சில் ஷாம்பெய்னில் நடந்த மாநிலப் போட்டிக்குப் போய், அரையிறுதியில் தோற்று, மூன்றாம் இடம் பிடிக்கிறது. செயின்ட் ஜோசஃப் அந்த மேடையை எட்டவே இல்லை. வில்லியம் மாடத்தில் உட்கார்ந்து ஆர்தரின் ஆட்டத்தைப் பார்க்கிறான்.

இங்கேதான் என்னை நானே பிடித்துக்கொண்டேன். அந்த ஆட்டங்களை எடிட் செய்திருக்கும் விதம் அப்படி. கடிகாரம் ஓடுகிறது, பந்து காற்றில் போகிறது, நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன், முடிவு தெரிந்திருந்தும். பந்து விழுந்ததும் கைதட்டினேன். ஆர்தர் ஜெயித்ததால் அவனை வெளியே தள்ளியது தவறு என்று எனக்கு நிரூபணமாகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவன் அந்த ஆட்டத்தில் பத்துப் பந்தைத் தவறவிட்டிருந்தால் வெளியே தள்ளியது சரியாகிவிடுமா? பாடம் நடுவே ஒரு பையனைக் கட்டண பாக்கிக்காக வெளியே அனுப்புவது தப்பு என்பதற்கு அவன் பாயிண்ட் போட்டுக் காட்ட வேண்டுமா? ஆனால் படம் அந்த நிரூபணத்தைத்தான் எனக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது. நானும் மடியில் தாளோடு உட்கார்ந்திருந்த மாடத்து ஆளாக மாறியிருந்தேன்.

இந்தப் படம் அமெரிக்க விளையாட்டுத் தொழிலை வெளியிலிருந்து அம்பலப்படுத்துகிறது என்பார்கள். நான் உடன்படாதது இந்த 'வெளியிலிருந்து' என்ற சொல்லில்தான். படக்குழு முதலில் போனது பிங்கடோரிடம். அவர் ஏர்ல் ஸ்மித்தைக் கைகாட்டினார். ஸ்மித் ஆர்தரைக் கண்டுபிடித்தார். வில்லியமும் அதே பள்ளி வழியாகத்தான் கேமராவுக்குள் வந்தான். அதாவது இந்தப் படத்துக்குக் கதாநாயகர்களைப் பொறுக்கிக் கொடுத்ததே ஸ்கவுட்தான். அந்தத் திடலில் அன்று ஆடிய மற்ற பையன்கள் ஸ்மித்தின் கண்ணில் படவில்லை, அதனால் நம் கண்ணிலும் படவில்லை. இதைப் படத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும். ஆனால் மூணு மணி நேரத்தில் ஒரு இடத்திலாவது, நாங்களும் தேர்ந்தெடுத்தவர்கள்தான் என்று படம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். இன்னொன்று. ஆர்தரின் வீட்டில் கரண்ட்டைத் துண்டித்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் காட்சி வரும். அந்தக் கரண்ட் திரும்பி வரப் படக்குழுவே பண உதவி செய்தது. மனுஷத்தனமான காரியம், நானாக இருந்தாலும் செய்திருப்பேன். அது படத்தில் இல்லை. இருந்திருந்தால் படம் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஸ்டீவ் ஜேம்ஸ் குழுவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். பல்கலைக்கழக ஸ்கவுட் ஒருவர் ஆர்தர் மாதிரிப் பையன் அணியிலிருந்து விழுந்த அன்றே நோட்டை மூடிவிடுவார். இவர்கள் மூடவில்லை. கூடைப்பந்துப் படத்துக்கு அந்த நிமிஷத்திலிருந்து ஆர்தர் தேவையில்லாதவன். ஆனாலும் அவன் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அப்பா போ ஏஜி போதைக்கு அடிமையாகி வீட்டை விட்டுப் போவதும், மகன் பந்து ஆடிக்கொண்டிருக்கும் அதே திடலின் ஓரத்தில் அவர் போதைப் பொருள் வாங்குவதும், ஜெயிலுக்குப் போய்த் திருந்தி வருவதும், பதிவானது அதனால்தான். திடலில் அந்தக் காட்சியில் ஆர்தர் தலையைத் திருப்பிக்கொள்கிறான். அதைப் படம்பிடித்த கேமரா அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போகவில்லை.

ஸ்கவுட்டிங்கில் வேறு மாதிரி ஒரு கண்ணும் உண்டு. ஸ்டெஃபன் கறியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2006இல் வடக்கு கரோலினாவின் சார்லட் கிறிஸ்டியன் பள்ளியை முடித்த ஒல்லிக்குச்சிக் கார்டு. அப்பா டெல் கறி ஆடிய வர்ஜீனியா டெக்கே ஸ்காலர்ஷிப் தரவில்லை. வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து அணியில் சேர்ந்துகொள் என்றது. இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரியின் பாப் மக்கிலப் எடுத்துக்கொண்டார். லாஸ் வேகஸில் ஒரு கோடைப் போட்டியில் கறி படுமோசமாக ஆடிய ஒரு நாளைத்தான் மக்கிலப் பிற்பாடு நினைவுகூர்ந்தார். பந்து கையில் நிற்கவில்லை, எறிந்தது எதுவும் விழவில்லை. ஆனால் பையன் நடுவரைக் குறை சொல்லவில்லை, கூட ஆடியவன் மேல் பழி போடவில்லை, வெளியே உட்காரவைத்தபோதும் மற்றவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தான். மக்கிலப் பார்த்தது அதை. கல்லூரியில் கறி ஆடிய முதல் ஆட்டத்திலேயே 13 தடவை பந்தைப் பறிகொடுத்தான். அடுத்த ஆட்டத்தில், மிச்சிகனுக்கு எதிராக, 32 பாயிண்ட். 2008இல் டேவிட்சன் நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து நின்றது.

அருமையான கதை, நானும் நண்பர்களிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு விஷயம் வசதியாக மறந்துபோகிறது. கறியின் அப்பா பதினாறு சீசன் என்பிஏவில் ஆடியவர். உயர்நிலைப் பள்ளியின் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து மகன் பந்தெறியும் விதத்தையே மாற்றி அமைத்தவர். அந்தப் பையன் வளரும்வரை காத்திருக்க வீட்டில் வசதி இருந்தது. ஒரு மோசமான நாளைத் தாங்கிக்கொள்ள அவனுக்கு இடம் இருந்தது. ஆர்தருக்கு மோசமான நாளுக்கு இடமே இல்லை. மக்கிலப் மாதிரிப் பொறுமையான கண் செயின்ட் ஜோசஃபில் இருந்திருந்தாலும், கட்டண பாக்கியை அந்தக் கண் அடைத்திருக்குமா?

பள்ளியை முடித்துவிட்டுப் போகும் வில்லியம் பிங்கடோரிடம் விடைபெறும் காட்சி ஒன்று உண்டு. மார்க்வெட்டில் தகவல்தொடர்பு படிக்கப்போகிறேன், நாளைக்கு நீங்கள் நன்கொடை கேட்டு வந்தால் எப்படி மறுப்பது என்று தெரிந்துவைத்திருப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். கோச்சும் சிரிக்கிறார். அவன் போன பிறகு, ஒருத்தன் வெளியே போவான், இன்னொருத்தன் உள்ளே வருவான், இதுதான் நடப்பு என்கிறார். முதல் தடவை பார்த்தபோது அவரை வில்லன் என்று முடிவு கட்டியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அரசுத் தேர்வு முடிவு வந்த மறுநாளே அடுத்த பேட்சுக்கு அட்மிஷன் போடுகிற எந்த வாத்தியாரும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. அதனாலேயே கொஞ்சம் கூடுதலாகப் பயமுறுத்துகிறது.

இருவரும் என்பிஏவுக்குப் போகவில்லை. ஆர்தர் மிசூரியில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து அர்கன்சா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். வில்லியம் பின்னாளில் தேவாலயப் போதகரானார். கர்ட்டிஸ் 2001இலும் போ ஏஜி 2004இலும் கொல்லப்பட்டார்கள். படத்துக்கு சிறந்த ஆவணப்பட ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை; எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு பரிந்துரை. அந்தக் கூச்சலில்தான் ஆவணப்படங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையே அகாடமி மாற்ற வேண்டி வந்தது. ஆஸ்கருக்கும் நல்ல ஸ்கவுட் தேவைப்படுகிறது போல. கல்லூரி விளையாட்டின் விதிகளும் இப்போது வேறு: 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். ஸ்பைக் லீ அன்று சொன்ன காசில் ஒரு பங்கு இப்போது பையன்களுக்கும் வருகிறது. பதினான்கு வயதில் கட்டணம் கட்ட முடியாதவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் தடவை பார்த்ததில் எனக்கு முக்கியமானவராகிப் போனவர் ஆர்தரின் அம்மா ஷீலா ஏஜி. கணவர் போய், வேலை போய், அரசு உதவித்தொகையாக மாதம் 268 டாலரில் பிள்ளைகளை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டத்தில் கேமராவைப் பார்த்து நேராகக் கேட்கிறார்: நான் எப்படிப் பிழைக்கிறேன் என்று நீங்கள் யாராவது யோசித்ததுண்டா? என் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று? அதுவரை எல்லாரும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் ஒருவர் திரும்பி நம்மைப் பார்ப்பது அந்த இடத்தில்தான். ஆர்தரின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு கேக் செய்கிறார். பதினெட்டு வயதுவரை உயிரோடு இருந்துவிட்டான், அதுவே பெரிய விஷயம் என்கிறார், கேக்கின் மேல் க்ரீம் தடவிக்கொண்டே.

அவர் சத்தமில்லாமல் செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர்ந்திருக்கிறார். பட்டமளிப்பு நாள் வருகிறது. பெரிய ஹால், நாற்காலிகள் பெரும்பாலும் காலி. வெள்ளைச் சீருடையில் ஷீலா நிற்கிறார். மதிப்பெண்ணை வாசிக்கிறார்கள்: வகுப்பிலேயே முதலிடம் அவருக்குத்தான். ஒரு நொடி அவருக்கே நம்பிக்கை வரவில்லை, பிறகு வாய்விட்டு அழுகிறார். மாடத்தில் யாரும் கிடையாது. ஒரு கேமரா மட்டும் வந்திருந்தது.